பெட்டிக்குள் அடங்கும் வேடம்: மதுரையிலிருந்து சென்னை காமிக் கானுக்கு

2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதல் காமிக் கான் நடந்தது. அதற்கு முன்னால் மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கத்து அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) ரசிகர்கள் இவ்வளவு பெரிய கூட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூருக்குத்தான் வண்டி ஏற வேண்டும். காமிக் கான் முழுக்க அனிமே விழா இல்லை. அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள், வீடியோ கேம், இந்தியக் காமிக்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும். ஆனால் பிடித்த பாத்திரத்தைப் போல வேடம் போட்டு (இதற்குக் காஸ்பிளே என்று பெயர்) வருகிறவர்களில் அனிமே ரசிகர்கள் பெருங்கூட்டம்.

சென்னையில் இருப்பவர் வீட்டிலேயே உடுத்திக்கொண்டு ஆட்டோ பிடித்து வாசலில் இறங்கிவிடலாம். நமக்கு நடுவில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் இருக்கிறது. அதனால் மதுரையில் தயாராகும் வேடம் முதலில் பெட்டிக்குள் அடங்க வேண்டும். பிறகு லாட்ஜ் அறையில், ஒரே ஒரு சின்னக் கண்ணாடிக்கு முன்னால், ஒரு மணி நேரத்துக்குள் மாட்டிக்கொள்ள முடிய வேண்டும். அதற்கப்புறம் எட்டு மணி நேர நடையையும் வியர்வையையும் தாங்க வேண்டும். புகைப்படத்தில் எப்படி வரும் என்ற கேள்வி இவற்றுக்குப் பிறகுதான். முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறார்கள். வேடத்தைச் செய்து முடித்துவிட்டு, புறப்படும் நாளில்தான் அதை எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்கிறார்கள்.

தையலுக்கு எப்போது கொடுப்பது

விழா பிப்ரவரியில் என்றால் கார்த்திகை மாதத்துக்குள் துணி தையல்காரர் கையில் இருக்க வேண்டும். தீபாவளி முடிந்து பொங்கல் ஆர்டர் குவிவதற்கு முன்னால் கிடைக்கும் இடைவெளி அது ஒன்றுதான். தை பிறந்துவிட்டால் கல்யாண முகூர்த்தங்களும் பள்ளி ஆண்டுவிழாக்களும் சேர்ந்துகொள்ளும். மாறுவேடப் போட்டி, நடன உடை எல்லாம் அதே தையல்காரர்களிடம்தான் போகும். பொங்கல் கழித்துக் கொடுத்த உடை விழாவுக்கு முதல் நாள் மாலை கைக்கு வரும். அளவு சரியில்லை என்றால் திருத்த நேரமே இருக்காது.

மதுரைக்கென்று ஒரு பெரிய வசதி உண்டு. மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தைத்து வந்தவர்கள், மண்டபத்திலிருந்து கடைகள் காலி செய்யப்பட்ட பிறகு, இப்போது பெரும்பாலும் குன்னத்தூர் சத்திரக் கட்டடத்தில் இருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர்களின் சல்லடமும் கச்சையும் தலைப்பாகையும் இவர்கள் கையில் உருவாகின்றன. சித்திரை வெயிலில், தண்ணீர் பீய்ச்சி முழுக்க நனைந்து, நாள் முழுக்க ஆடி ஓடினாலும் பிரியாத உடை அது. அந்தத் தையலின் நுட்பங்களையே நம் வேடத்துக்கும் கேட்டு வாங்குங்கள்: அக்குளிலும் கவட்டையிலும் இரட்டைத் தையல், இடுப்புக்கு ஜிப்புக்குப் பதில் நாடா, ஜரிகை ஒட்டாமல் தைத்துச் சேர்ப்பது. காஸ்பிளே என்ற பெயரை அவர்கள் கேள்விப்படாமல் இருக்கலாம். வேடம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும்.

ஆனால் கைபேசியில் அனிமே படத்தைக் காட்டி, ‘இது மாதிரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு வரக் கூடாது. சட்டை தைத்துப் பழகிய கை, ஹாவோரி என்ற ஜப்பானிய மேலங்கியைக்கூட உடம்பைப் பிடித்தாற்போல் தோளில் சரிவு கொடுத்துத் தைத்துவிடும். ஹாவோரிக்குத் தோள் சரிவு கிடையாது. உடல் பகுதியும் கையும் நீள்சதுரத் துண்டுகள். முன்பக்கம் மூடாமல் திறந்து தொங்கும். முன், பின், பக்கவாட்டு என மூன்று கோட்டுப்படம் வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் அங்குலத்தில் அளவு எழுதிக் கொடுங்கள். அதற்கும் முன்னால் பழைய வேட்டி ஒன்றை வெட்டிக் குத்துத் தையல் போட்டு மாதிரி செய்து பாருங்கள். கையைத் தூக்கினால் இழுக்கிறதா, உட்கார்ந்தால் பிடிக்கிறதா என்பது அந்த வேட்டியிலேயே தெரிந்துவிடும்.

துணி அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். 44 அங்குல அகலத் துணியில், நடுத்தர உயரத்துக்கு, முழங்கால் வரை வரும் ஹாவோரிக்கு 3 மீட்டர் வேண்டும். உயர்ந்த கழுத்துப்பட்டியுடன் கணுக்கால் வரை இறங்கும், ‘நருட்டோ’ அனிமேயில் வரும் அகாட்சுகி கூட்டத்தின் அங்கிக்கு 4.5 முதல் 5 மீட்டர் வரை ஆகும். அந்தக் கழுத்துப்பட்டி நாள் முழுக்க நிமிர்ந்து நிற்க, உள்ளே இரண்டு அடுக்குக் கேன்வாஸ் வைக்கச் சொல்லுங்கள். ஒற்றை அடுக்கு மதியத்துக்குள் வியர்வையில் துவண்டுவிடும். விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் சாட்டின் மலிவாகக் கிடைக்கும், படத்திலும் மினுமினுக்கும். ஆனால் வியர்வைக் கறை அப்படியே தெரியும், காற்றும் புகாது. பாப்ளினோ மெல்லிய காட்டன் டிரில்லோ எடுப்பது நல்லது.

வேண்டிய நிறம் கடையில் இல்லையென்றால் வெள்ளைப் பருத்தி வாங்கிச் சாயம் போடலாம். சுங்குடிச் சாயத்தில் கைதேர்ந்தவர்கள் இருக்கும் ஊர் இது. நிற மாதிரித் துண்டு ஒன்று கொடுத்தால் நெருங்கிய நிறம் கிடைக்கும். துணி சுத்தப் பருத்தியாக இருப்பது முக்கியம். பருத்திக்கான சாயம் பாலியெஸ்டர் இழையில் ஏறாது. கலப்புத் துணியில் பருத்தி இழை மட்டும் நிறம் பிடித்து, மொத்தத்தில் வெளுத்துத் தெரியும். சாயம் போட்டபின் உப்புத் தண்ணீரில் நனைத்தால் போதும் என்று விட்டுவிடாமல், ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால், வியர்க்கும்போது உங்கள் கழுத்திலும் ஒட்டும்.

கவசமும் வாளும்

கவசத்துக்கு ஈ.வி.ஏ. ஃபோம் என்ற நுரைத் தாள்தான். மார்புக் கவசத்துக்கு 5 மி.மீ., தோள்பட்டைக்கு 8 அல்லது 10 மி.மீ., மேலே ஒட்டும் அலங்காரக் கோடுகளுக்கு 2 மி.மீ. யோகா பாய் மலிவு என்று அதை வெட்டுகிறவர்கள் உண்டு. அதன் மேற்பரப்பில் வரி வரியாகப் பள்ளம் இருக்கும், பெயிண்ட் அடித்தபின் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். உள்ளே வைத்து மறைக்கும் துண்டுக்கு மட்டும் அது ஆகும்.

ஒட்டுவதற்குச் செருப்புக் கடைக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசை சரியானது. இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாமல் லேசாகப் பிசுபிசுக்கும் வரை, ஏறக்குறைய 10 நிமிடம் காத்திருந்து, ஒரே அழுத்தில் சேர்க்க வேண்டும். பொறுமையில்லாமல் ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே கரைப்பான் அடைபட்டு, இரண்டு நாளில் விளிம்பு வாய் பிளக்கும். ஜன்னல் திறந்த அறையில், அடுப்பு, ஊதுபத்தி எதுவும் இல்லாமல் செய்யுங்கள். அதன் ஆவி தீப்பிடிக்கும். மூடிய அறையில் தலையும் சுற்றும். பெயிண்டுக்கு முன்னால் ஹீட் கன்னால் மேற்பரப்பை லேசாகச் சுட்டு, நுண்துளைகள் மூடிப் பளபளப்பு வந்ததும் நிறுத்தி, அதன்மேல் வளைந்துகொடுக்கும் ப்ரைமர் இரண்டு மூன்று பூச்சு. இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே அக்ரிலிக் அடித்தால் ஃபோம் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். முழங்கை மடங்கும் இடத்தில் முதலில் வெடிக்கும்.

சூட்டுப் பசைத் துப்பாக்கியை மட்டும் நம்பிச் செய்த கவசம் பயணத்தில் தோற்கும் இடம் ஆம்னி பஸ்ஸின் டிக்கி. இன்ஜின் சூடும் தார்ச்சாலைச் சூடும் சேர்ந்து அந்தப் பசையை இளக்கும். மேலே நாலு சூட்கேஸ் அடுக்கியிருந்தால் ஃபோமும் அழுந்திய வடிவத்திலேயே நின்றுவிடும். அதனால் கவசத்தை ஒரே கூடாகச் செய்யாமல் முன், பின், தோள், கை எனத் தனித்தனித் துண்டுகளாகச் செய்து, நாடாப் பட்டையும் பக்கிளும் வைத்துச் சேருங்கள். எவர்சில்வர் அடுக்குப் பாத்திரம் போல ஒன்றுக்குள் ஒன்று செருகும்படி அளவு வைத்தால், முழுக் கவசமும் ஒரு நடுத்தர அட்டைப்பெட்டியில் முடிந்துவிடும்.

வாளை இரண்டு துண்டாகச் செய்யுங்கள். ஃபோமுக்கு உள்ளே தண்டாக வைக்கும் 25 மி.மீ. பி.வி.சி. பைப்புக்குள் 20 மி.மீ. பைப் செருகும், இடைவெளி இருந்தால் மின்சார டேப் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிப்பைச் சரிசெய்யலாம். உள்பைப் குறைந்தது 15 செ.மீ. நீளத்துக்கு உள்ளே இறங்க வேண்டும், இல்லையென்றால் ஓங்கும்போது இணைப்பு ஆடும். பிரித்த துண்டு ஒவ்வொன்றும் 70 செ.மீ.க்குள் இருந்தால் ரயிலில் இருக்கைக்கு அடியில் படுத்துவிடும். உலோக வாள், கூர்மையான எதுவும் வேண்டவே வேண்டாம். விழா வாசலில் சோதித்து நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பே மெட்ரோ நிலையத்தின் எக்ஸ்ரே இயந்திரத்தில் வாள் வடிவம் தெரிந்தால் பையைத் திறக்கச் சொல்வார்கள். ஃபோம் வாள் என்றால் எடுத்துக் காட்டி, அழுத்திக் காட்டி, அரை நிமிடத்தில் நகர்ந்துவிடலாம்.

ஒட்டுப் பசை டின், தின்னர், ஸ்பிரே பெயிண்ட் இவற்றை ரயிலில் எடுத்துப்போகாதீர்கள். எளிதில் தீப்பற்றும் பொருளைக் கொண்டுசெல்வது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பழுது பார்க்க ஒரு சின்ன உடனொட்டிப் பசைக் குழாய், இரட்டைப் பக்க டேப், உடையின் நிறத்திலேயே நூல் கோத்த ஊசி, இருபது ஊக்கு, கொண்டை ஊசி போதும்.

விக்கும் லென்ஸும்

விக் வாங்கும்போது சூடு தாங்கும் இழையா என்று பாருங்கள். சாதாரண இழையில் ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் உருகிச் சுருண்டுவிடும். நீள விக்கைத் தளர்வாகப் பின்னி, வலையில் போட்டு, உள்ளே பழைய செய்தித்தாளை உருட்டி வைத்து, டப்பாவில் கொண்டுபோங்கள். கூரான முடி வைத்த விக்குக்குத் தனி டப்பாதான். துணிப்பைக்குள் திணித்த விக்கைச் சென்னையில் நிமிர்த்த முடியாது. சீவும்போது நுனியிலிருந்து தொடங்கி வேர் நோக்கிப் போக வேண்டும்.

கலர் லென்ஸை ஆன்லைனில் பார்த்து நேரே வாங்குகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. இது மிகவும் கவலை தருகிற விஷயம். கருவிழியின் வளைவு ஆளுக்கு ஆள் மாறும். பொருந்தாத லென்ஸ் உராய்ந்து புண்ணாகி, கிருமி சேர்ந்தால் பார்வையே போகலாம். மதுரை கண் மருத்துவத்துக்குப் பெயர் போன ஊர். ஒரு பரிசோதனைக்கு ஒரு காலை போதும். மருத்துவர் சரி என்றபின் வாங்கி, விழாவுக்கு முன்னால் சில நாட்கள் வீட்டில் கொஞ்ச நேரம் போட்டுப் பழகுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. நண்பருக்குக் கழற்றிக் கொடுக்கவும் கூடாது. விழா அரங்கில் தூசி அதிகம். உறுத்தினால் அங்கேயே கழற்றிவிட, டப்பாவும் திரவமும் பையில் இருக்கட்டும்.

ரயிலும் தங்குமிடமும்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. விழாத் தேதி அறிவித்ததும் நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணி, அந்தக் காலை 8 மணிக்கே போகும் டிக்கெட்டை எடுங்கள்; திரும்பும் டிக்கெட்டுக்கு முன்பதிவு திறக்கும் மறுநாளோ அதற்கடுத்த நாளோ காலையில் அதையும் எடுத்துவிடுங்கள். தைப்பூசமும் முகூர்த்தமும் அந்தப் பக்கத்து வார இறுதிகளில்தான் வரும். ஞாயிறு இரவு சென்னையிலிருந்து கிளம்புவதைவிட, சென்னைக்குப் போகும் ஞாயிறு இரவு வண்டிகளில் நெரிசல் அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் கல்யாணத்துக்கு வந்து திரும்புகிறவர்களால் இந்தப் பக்கமும் காத்திருப்புப் பட்டியல் நீளும். தட்கல் என்றால் ஏ.சி.க்கு முதல் நாள் காலை 10 மணி, சிலீப்பருக்கு 11 மணி. நான்கைந்து பேர் குழுவாகப் போகும்போது அதை நம்பாதீர்கள்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் இரவில் மதுரையில் ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறக்கிவிடும். பணமும் நேரமும் மிச்சம். பெரிய கவசம் இருந்தால் வெள்ளிக்கிழமை பகலில் வைகையிலோ தேஜஸிலோ போவது மேல். பெட்டி கண்முன்னே இருக்கும், முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கலாம். எழும்பூரிலிருந்து மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் ஆலந்தூர். அங்கிருந்து நந்தம்பாக்கத்துக்கு ஆட்டோ. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் கிளாம்பாக்கத்தோடு பயணம் முடியும். அங்கிருந்து பெட்டிகளோடு இன்னொரு நீண்ட பயணம் இருக்கிறது என்பதைக் கணக்கில் வையுங்கள். எழும்பூர் நிலையத்தில் பணிகள் நடக்கும்போது சில வண்டிகள் தாம்பரத்தோடு நிறுத்தப்படுவதுண்டு. புறப்படும் முன் ஒரு தடவை சரிபாருங்கள்.

அறையை விழா இடத்துக்குப் பக்கத்திலேயே எடுக்க வேண்டுமென்பதில்லை. ஈக்காட்டுத்தாங்கல், அசோக் நகர், வடபழனி என்று அதே மெட்ரோ தடத்தில் எங்கே கிடைத்தாலும் நல்லது. எழும்பூரில் விடிகாலையிலேயே அறை தரும் லாட்ஜுகள் உண்டு, இரவு ரயிலில் வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. நிலையத்துக் காத்திருப்பு அறையில் உடுத்திக்கொள்ளலாம் என்று திட்டமிடாதீர்கள். மேக்கப்புக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்காது. குழுவில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இருந்தால் லாட்ஜில் பெரியவர் ஒருவரின் அடையாள அட்டை கேட்பார்கள், கூட ஓர் அண்ணனோ அக்காவோ சித்தப்பாவோ வருவது நல்லது. வீட்டில் அம்மா அப்பாவிடம் பி.என்.ஆர். எண், அறை முகவரி, கூட வருகிற இருவரின் கைபேசி எண் மூன்றையும் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிக் கவலை குறையும்.

அரங்கத்துக்குள்

கதவு திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வரிசையில் நில்லுங்கள். காஸ்பிளே போட்டியில் கலந்துகொள்ள நினைப்பவர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் பதிவு மேசைக்குப் போக வேண்டும். கையால் செய்த உடை என்றால் செய்யும்போது எடுத்த படங்களைக் கைபேசியில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். எதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் பேச்சைவிட அவை விரைவில் புரியவைக்கும். விதிமுறைகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், அந்த ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படித்துவிட்டே கிளம்புங்கள்.

கூட்டம் நெருங்கியதும் இணையம் தடுமாறும். கடைக்கு முன்னால் நின்று யு.பி.ஐ. சுற்றிக்கொண்டே இருக்கும். 100, 200 ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் ரொக்கம் வேண்டும். அழைப்பும் போகாமல் போகலாம்; ‘2 மணிக்கு இந்தத் தூணுக்குக் கீழே’ என்று காலையிலேயே ஓர் இடம் பேசி வையுங்கள். வேடத்துக்குள் பை வைக்க மறந்தால் கைபேசியும் பணமும் கையிலேயே இருக்கும். தைக்கும்போதே உள்பக்கம் ஒரு ஜேப் வைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

பிப்ரவரியிலும் சென்னையில் வியர்க்கும். விக்கும் கவசமும் போட்டவர் தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு மணிக்கு ஒரு தடவை தண்ணீர், மதியம் ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். ஆகவே உடையை யாருடைய உதவியும் இல்லாமல் கழற்றி மாட்ட முடிகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பூட்ஸுக்குள் மெத்தை இன்சோல் போட்டு, முன்னதாக ஒரு மாலை தெப்பக்குளத்தை நாலு சுற்றுச் சுற்றிவந்தால், எங்கே கடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். விக், ஆயுதம், துணி எதையும் கேட்காமல் தொடக் கூடாது. வேடம் போட்ட பெண்களிடம் எல்லை மீறுகிறவர்களைப் பார்த்தால் உடனே அருகிலிருக்கும் தன்னார்வலரிடமோ காவலரிடமோ சொல்லுங்கள். ‘நமக்கென்ன’ என்று நகராதீர்கள்.

வாங்குவதில் ஒரு கருத்து. ஃபிகர் பொம்மைகளில் போலி மிக அதிகம். பல ஆயிரம் விலையுள்ள பொம்மை ஆயிரத்து ஐந்நூறுக்குக் கிடைத்தால் அது போலிதான். பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் உரிமக் குறியும் இருக்கிறதா, கண் வரைந்த இடத்தில் பிசிறு இருக்கிறதா, பெயிண்ட் நெடி அடிக்கிறதா என்று பாருங்கள். மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) தொகுதிகளை ஊரிலிருந்தே வரவழைக்கலாம். அங்கே காசு செலவழிக்க வேண்டிய இடம் ஓவியர்களின் மேசைகள். அவர்கள் வரைந்த அச்சுப்படம் வேறெங்கும் கிடைக்காது, வரைந்தவரிடமே கையெழுத்தும் வாங்கலாம். ஏ3 படத்தைச் சுருட்டி வைக்க, ஊரிலிருந்தே இரண்டரை அங்குல பி.வி.சி. பைப்பை 45 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இருபுறமும் மூடி போட்டு எடுத்துப்போங்கள்.

ஞாயிறு இரவு வண்டி பிடிப்பவர்கள் மாலை 7 மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். விழா முடியும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டோ தேடுவார்கள். தாம்பரத்தில் ஏறுவதானால், முன்கூட்டியே இணையத்தில் ஏறும் நிலையத்தை மாற்றிவிடுங்கள். மாற்றாமல் எழும்பூர் டிக்கெட்டோடு தாம்பரத்தில் நின்றால், வரவில்லை என்று குறித்து இடம் வேறொருவருக்குப் போகலாம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மூடியபடி வைக்காதீர்கள். கவசத்தின் உள்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். விக்கைக் குளிர்ந்த நீரில் ஷாம்பு கலந்து அலசித் தொங்கவிடுங்கள். வியர்வையோடு மூடி வைத்தால் ஒரே வாரத்தில் பூசணம்.

அடுத்த படியாக வெளிநாட்டு விழா ஒன்றுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சிங்கப்பூர் இருக்கிறது. 2008இல் தொடங்கிய அனிமே ஃபெஸ்டிவல் ஏசியா, சன்டெக் மாநாட்டு மையத்தில், வழக்கமாக நவம்பர் கடைசி வாக்கில் நடக்கிறது. மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானமும் உண்டு. விசா வேண்டும், பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும், இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் இலவசமாக நிரப்ப வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். வாள் வடிவம் கொண்ட எதுவும், ஃபோமாக இருந்தாலும், செக்-இன் பெட்டியில். துப்பாக்கி மாதிரிகளை மதுரையிலேயே விட்டுவிடுங்கள். அசல் போலத் தோன்றும் பொம்மைத் துப்பாக்கிக்கும் அந்த ஊரில் சட்டம் கடுமை.